பாட்டில் தீர்ந்தால் கிருமியும் தீரும்

அக்காவை டிஸ்சார்ஜ் செய்த அன்று பில்லிங் கவுண்டரில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து அப்ரூவல் வரவேண்டுமாம். எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பலகை. சுவரில் எது ஒட்டியிருந்தாலும் படித்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு, லேபில் வேலை பார்த்தவர்களுக்கு வருகிற வியாதி அது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: 'எங்கள் ஐ.சி.யு.வில் சென்ட்ரல் லைன் வழியாக வரும் ரத்தத் தொற்று, கடந்த மூன்று மாதங்களில்: பூஜ்யம்.' பூஜ்யத்தைச் சுற்றிப் பச்சையில் ஒரு வளையம் வேறு.

என் அக்கா அந்த மூன்று மாதத்துக்குள்தான் அந்த ஐ.சி.யு.வில் இருந்தாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் எத்தனையோ இருக்கின்றன, அதில் ஒன்று. நிமோனியா என்று சேர்த்தோம். மூச்சுத் திணறல், பி.பி. இறங்கியது, கழுத்தில் சென்ட்ரல் லைன் போட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, உயிரைக் காப்பாற்றினார்கள். நான்காம் நாள் பேச ஆரம்பித்துவிட்டாள், இட்லி கேட்டாள். ஐந்தாம் நாள் ராத்திரி திடீரென்று உடம்பு தூக்கிப் போடுகிற குளிர், ஜுரம் 103. எனக்குத் தகவல் வந்து மந்தைவெளியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. டியூட்டி டாக்டர் சின்னப் பையன், தங்கமான பிள்ளை. "ப்ளட் கல்ச்சர் அனுப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"பாட்டில் ஸ்டாக் இல்ல அங்கிள். நாளைக்கு வந்துடும்னு சொல்லியிருக்காங்க. மெரோபெனம் ஆரம்பிச்சாச்சு, கவலைப்படாதீங்க."

பாட்டில் மறுநாள் சாயங்காலம் வந்தது. அதற்குள் மருந்து மூன்று டோஸ் போயிருந்தது. அப்புறம் ரத்தம் எடுத்தார்கள், ஐந்து நாள் மெஷினில் வைத்தார்கள், 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. வராமல் என்ன செய்யும்? கிருமியை மருந்தால் அடித்துப் போட்டுவிட்டு, அப்புறம் வலை வீசினால் எது சிக்கும்? இதற்கிடையில் யாரோ பெரிய டாக்டர் சந்தேகப்பட்டுக் கழுத்துக் குழாயை எடுக்கச் சொன்னார். எடுத்த மறுநாள் ஜுரம் இறங்கியது. குழாயில்தான் கோளாறு என்று எனக்குத் தெரியும், அந்தப் பெரிய டாக்டருக்கும் தெரியும், ராத்திரி நர்ஸுக்கும் தெரியும். பலகைக்குத் தெரியாது. ஏனென்றால் கணக்கின் விதி அப்படி. குழாய் போட்டு இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், கல்ச்சரில் கிருமி வளர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது 'லேபில் உறுதியான ரத்தத் தொற்று'. வளரவில்லையா, தொற்றே இல்லை. அந்தப் பச்சை வளையத்துக்குள் என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

இதை நாகேஸ்வர ராவ் பூங்காவில், காலை நடை முடிந்து உட்காருகிற பெஞ்சில் சொன்னேன். ஆடிட்டில் இருந்து ரிடையர் ஆன நண்பர் ஒருவர் (பெயர் போடவில்லை, இதைப் படிப்பார்) சிரித்தார். "சார், ஜுரம் வந்தது, மருந்து குடுத்தான், குணமாச்சு. பாட்டில் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நம்ம ஊர்ல மருந்துக்கே தட்டுப்பாடு. நீங்க காலி பாட்டிலுக்குச் சண்டை போடறீங்க" என்றார். காபி குடிக்கும்வரை எல்லோரும் அவர் கட்சி. எனக்கு வீட்டுக்கு வந்த பிறகும் ஆறவில்லை. அதனால்தான் இது.

முதலில் அது காலி பாட்டில் இல்லை. உள்ளே கிருமி வளர்வதற்கான சத்துக் கரைசல் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டிலிருந்து பத்து மில்லி ரத்தம். ஒன்று காற்றோடு வளர்கிற கிருமிக்கு, ஒன்று காற்றில்லாமல் வளர்வதற்கு. ஒழுங்காகச் செய்கிற இடத்தில் இரண்டு கையிலிருந்து இரண்டு ஜோடி, முதல் டோஸ் மருந்துக்கு முன்னால். மெஷினுக்குள் வைத்தால் உடம்புச் சூட்டில் ஆட்டிக்கொண்டே இருக்கும். கிருமி வளர்ந்து கரியமில வாயு விட்டால் பாட்டிலின் அடியில் இருக்கிற சென்சார் காட்டிக்கொடுத்துவிடும். ரத்தத்தில் என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்ல இன்றைக்கும் இதைவிட நம்பகமான வழி பெரிதாக இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மெஷினும் கிடையாது, கம்பெனி பாட்டிலும் கிடையாது. அரசு ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி லேப், 34 வருஷம். நாங்களே பி.எச்.ஐ. ப்ராத் கரைத்து, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ரப்பர் தக்கை வைத்து, அலுமினிய மூடி அடித்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகவைப்போம். ரத்த அகார் தட்டுக்கு ஆட்டு ரத்தம் வேண்டும். ஆட்டு ரத்தம் வராத நாளில் ப்ளட் பேங்கில் தேதி முடிந்த மனித ரத்தத்தை ஊற்றித் தட்டு போடுவோம். அதில் சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சரியாக முகம் காட்டாது. எங்களுக்குத் தெரிந்தேதான் செய்தோம். 'வேறு வழியில்லை' என்ற சொல்லை நான் ஒரு வாழ்நாளுக்கு வேண்டிய அளவு பயன்படுத்திவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதை இதுவரை எழுதியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. அந்த ரப்பர் தக்கையும் அலுமினிய மூடியும் தீர்ந்துபோயின. சில்லறைச் சாமான், ஆஸ்பத்திரியே உள்ளூரில் வாங்கிக்கொள்ள வேண்டியது. கோட்டேஷன் கேட்டு, மூன்று பேரில் ஒருவர் தேதி போடவில்லை என்று திரும்பி, மறுபடி கேட்டு, இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினம் நாற்பது பாட்டில் அனுப்பிய இடத்தில் பத்து அனுப்பினோம். 'பெரியவர்கள் ஐ.சி.யு.வுக்கு மட்டும்' என்று ஒரு சர்க்குலர். பச்சைக் குழந்தைகள் வார்டுக்குக் கிடையாது. மாதக் கடைசியில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் கமிட்டி கூடியது. டீயும் மசால்வடையும். சார்ட்டில் கோடு இறங்கியிருந்தது. 'பச்சைக் குழந்தைகள் வார்டில் நல்ல முன்னேற்றம்' என்று மினிட்ஸில் எழுதினார்கள். நான் அந்த அறையில் இருந்தேன். சார்ட்டை வரைந்தவனே நான்தான். கோடு ஏன் இறங்கியது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தக்கை வந்தது. வந்த முதல் வாரத்தில் அந்த வார்டிலிருந்து ஐந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஒரே க்ளெப்சியெல்லா, ஒரே மாதிரி மருந்து எதிர்ப்பு. ஒரே கிருமி ஐந்து குழந்தைக்கு வருகிறது என்றால் பொதுவாக ஒரு மூலம் இருக்கவேண்டும். தேடினோம். ஊசி மருந்து கலக்குவதற்கு எல்லாக் குழந்தைக்கும் ஒரே சலைன் பாட்டில், நாள் முழுக்கத் திறந்தபடி. சலைனும் தட்டுப்பாடு, மிச்சம் பிடிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில் என்று மாற்றியதும் நின்றது. அவ்வளவு சுலபமான வேலை.

அந்த இரண்டு மாதத்திலும் அதே சலைன் பாட்டில் அங்கே இருந்திருக்குமா? தெரியாது, யாரும் ரத்தம் எடுக்கவில்லை. ஒருநாள் மதியம் வார்டு ரிஜிஸ்டரை வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். காரணம் என்ற கட்டத்தில் 'செப்சிஸ்' என்று எழுதிய வரிகளை எண்ணினேன். எத்தனை என்று இங்கே போடவில்லை. எல்லாமே அந்தக் கிருமிதான் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்றும் முடியாது. அந்த மாதத்து மினிட்ஸ் மட்டும் 'நல்ல முன்னேற்றம்' என்றே இருக்கிறது.

அதனால் ஆடிட் நண்பருக்கு என் பதில் இது. மருந்துத் தட்டுப்பாடு வந்தால் நோயாளிக்குத் தெரியும், கத்துவார், பேப்பரில் வரும், சட்டசபையில் கேள்வி வரும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கியதே, மருந்துக் கொள்முதலை ஒழுங்கு செய்ததில் கேரளமும் ராஜஸ்தானும் அதே வழியில் தங்களுக்கு ஒரு கழகம் அமைத்துக்கொள்கிற அளவுக்குப் பெயர் வாங்கியது. அதற்குப் பின்னால் இருந்தது மருந்தில்லாத நோயாளியின் கோபம். பரிசோதனைச் சாமான் தீர்ந்தால் யார் கத்துவார்கள்? நோயாளிக்குத் தெரியாது. டாக்டர் ஒரு பெரிய ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நிர்வாகத்துக்கோ, தொற்று குறைந்த மாதிரி ஒரு சார்ட் கிடைக்கிறது. தட்டுப்பாட்டுக்கே பரிசு கிடைக்கிற வேறு துறை ஏதாவது உண்டா சொல்லுங்கள். ரேஷன் கடையில் அரிசி தீர்ந்த மாதம் பசி குறைந்துவிட்டது என்று யாராவது பலகை வைப்பார்களா?

நண்பர் ஒரு ஆடிட்டர். ஸ்டாக் சரிபார்க்காமலே 'குறைபாடு இல்லை' என்று ஒரு ஸ்டோர் கீப்பர் எழுதிக் கொடுத்தால் விடுவாரா? பேனாவாலேயே குத்தியிருப்பார்.

நம் சென்னையிலேயே இதற்கு ஒரு நேர் எதிரான கதை இருக்கிறது. 1985 கடைசி. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமன், மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸ் பற்றி ஆராய்ச்சி செய்யச் சொன்னார். அந்த வியாதி இந்தியாவில் இல்லை என்பதுதான் அன்றைய பொது நம்பிக்கை. நமது பண்பாடு, நமது ஒழுக்கம் என்றெல்லாம் பேசினார்கள். அது இல்லாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. சோதித்துப் பார்க்க இங்கே வசதியே இல்லை. எலைசா சோதனை வேலூர் சி.எம்.சி.யில் செய்ய முடியும் என்று தெரிந்தது. நிர்மலா எண்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார், கையுறைகூட இல்லாத காலம். சீரத்தை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் போட்டு, கணவரோடு ராத்திரி ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூர். டாக்டர் ஜேக்கப் ஜானின் லேபில் ஆறு கிண்ணங்கள் மஞ்சளாயின. அந்த வருஷம் மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் சொன்னபோதுதான் நாட்டுக்குத் தெரிந்தது.

அந்த ரயில் டிக்கெட் எடுக்காமல் இருந்திருந்தால்? 1986-லும் இந்தியாவில் எச்.ஐ.வி. பூஜ்யம்தான். பச்சை வளையத்தோடு. (நிர்மலா அப்புறம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்து 2010-ல் ஓய்வு பெற்றார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இந்த ஊரில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது.)

அவர் ரிடையர் ஆன அதே 2010-ல், ஆகஸ்ட் மாதம், இன்னொரு சென்னைக்காரர் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சி செய்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்-1 என்ற எதிர்ப்பு மரபணு பற்றி லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் அவர். சென்னையிலிருந்து 44 கிருமி மாதிரிகள், ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37. மெரோபெனம் போன்ற கடைசிவரிசை மருந்துகளையே செரித்துவிடுகிற கிருமிகள். டில்லியில் என்ன சத்தம்! மெடிக்கல் டூரிசத்தைக் கெடுக்க சதி, ஊர்ப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று. பெயரில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் லேபில் நின்று ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலமாரியில் மெரோபெனம் டிஸ்க் பல மாதங்கள் இருந்ததில்லை.

டிஸ்க் என்றால் மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லை, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. கிருமி தடவிய தட்டில் வைத்தால், மருந்துக்குப் படிகிற கிருமி வில்லையைச் சுற்றி விலகி நிற்கும். படியாதது வில்லை வரைக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். மெரோபெனம் வில்லை இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் அந்த வரியே இருக்காது. வருஷக் கடைசியில் 'மெரோபெனம் எதிர்ப்பு எத்தனை சதவீதம்' என்று மேலிடம் கேட்கும். வில்லை இருந்த மாதங்களை வைத்து ஒரு எண் எழுதி அனுப்புவோம். ஸ்டாக் வந்த மாதம் எது, கஷ்டமான கேஸ்களுக்கு மட்டும் வைத்தோமா, எல்லாத் தட்டிலும் வைத்தோமா என்பதைப் பொறுத்து அந்த எண் மேலும் கீழும் குதிக்கும். அதையும் யாரோ சார்ட் போட்டிருப்பார்கள். 2012 ஆகஸ்டில் டாக்டர்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஐ.சி.எம்.ஆர். 2013-ல் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்க லேப்களின் வலைப்பின்னல் தொடங்கியது. நல்ல காரியங்கள். ஆனால் எவ்வளவு பெரிய வலைப்பின்னலுக்கும் அடியில் ஒரு டெக்னீஷியன் அலமாரியைத் திறந்து பார்க்கிறான் என்பதை மறந்துவிடக்கூடாது.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டுகிறேன். 2024 ஜூலையில் பெக்டன் டிக்கின்சன் கம்பெனியின் பேக்டெக் ப்ளட் கல்ச்சர் பாட்டில்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. காரணம் பிளாஸ்டிக். பாட்டில் சப்ளை செய்கிறவரிடமிருந்து போதுமான அளவு வரவில்லை. அங்கே ஏறக்குறைய பாதி லேப்களில் அந்த மெஷின்தான். ஒரு கம்பெனி மெஷினுக்குள் இன்னொரு கம்பெனி பாட்டிலை வைக்க முடியாது. நம் ஊரிலும் அதே கதைதான். மெஷினைச் சும்மா கொடுத்துவிட்டு, பாட்டிலை எங்களிடம்தான் வாங்கவேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ரேஸர் கொடுத்து பிளேடு விற்கிற வியாபாரம். ஜூலை 10 அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது, 23-ஆம் தேதி சி.டி.சி. எல்லா டாக்டர்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. தேவையில்லாமல் எடுக்காதே, எடுத்தால் சரியான அளவு ரத்தம் எடு, தோலைச் சுத்தமாகத் துடைத்து எடு, கலப்படமாகி ஒரு பாட்டிலும் வீணாகக்கூடாது என்று.

தட்டுப்பாடு யாருக்கும் வரும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் அதை ஊருக்குச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதங்களில் அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் தொற்றுக் கணக்கு இறங்கியிருந்தால், படிக்கிறவன் பக்கத்தில் தேதியைப் பார்த்துப் புரிந்துகொள்வான். என் அக்காவின் ஆஸ்பத்திரியில் அந்த ராத்திரி பாட்டில் இல்லை என்பது டியூட்டி டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

சாமான் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன், நம் வாசலுக்குப் பக்கத்திலேயே தொடங்கிய விஷயம். 2022-லும் 2023-லும் அமெரிக்காவில் சிலருக்குக் கண்ணில், சிலருக்கு ரத்தத்தில், சிலருக்கு நுரையீரலில் சூடோமோனாஸ் தொற்று. வேறு வேறு ஊர், வேறு வேறு ஆஸ்பத்திரி. கல்ச்சர் செய்து மரபணுவரை பார்த்ததில் எல்லாம் ஒரே வகை, அந்த நாட்டில் அதற்கு முன் பார்த்திராத வகை. என்ன பொது என்று விசாரித்தால் ஒரு கண் சொட்டு மருந்து. அது தயாரானது இங்கே, திருப்போரூர் பக்கம். மொத்தம் 18 மாநிலங்களில் 81 பேர். 14 பேருக்குப் பார்வை போயிற்று, நான்கு பேர் இறந்தார்கள். இங்கே எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று நம் பக்கத்திலிருந்து சொன்னார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. என் கேள்வி வேறு. அந்த மருந்து தி.நகரிலும் திருநெல்வேலியிலும் விற்று, இங்கே 81 பேருக்குக் கண் சிவந்திருந்தால், அந்த 81-ஐயும் ஒரே நூலில் கோத்திருப்போமா? ஆளுக்கு ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்போம். 81 தனித்தனித் துரதிர்ஷ்டங்கள்.

டாக்டர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'நோயாளி மோசமாக இருக்கும்போது கல்ச்சருக்காகக் காத்திருக்க முடியாது.' உண்மைதான். காத்திருக்கச் சொல்லவில்லை. பாட்டில் கையில் இருந்தால் ரத்தம் எடுக்க ஐந்து நிமிஷம், அடுத்த நிமிஷம் மருந்தைப் போடுங்கள். பாட்டில் கீழே ஸ்டோரில் இல்லாமல் நாளைக்கு வருவதால்தான் பிரச்சினை.

செலவு என்கிறார்கள். எங்கள் பில் கையில் இருக்கிறது. ப்ளட் கல்ச்சர் 1,850 ரூபாய். மெரோபெனம், அதோடு மூன்றாம் நாள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்த்த கொலிஸ்டின், இரண்டும் சேர்த்து 61,400. எந்தக் கிருமி என்று தெரியாததால் இரண்டையும் நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. கொலிஸ்டின் சிறுநீரகத்தைக் கடிக்கும். அக்காவின் கிரியேட்டினின் ஏறியது, இன்னும் முழுக்க இறங்கவில்லை. உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி என்று சொன்னால் 76 வயதில் என்னை முறைக்கிறாள். ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைத்திருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பலகை வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. 'தொற்று எத்தனை' என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அந்த மூன்று மாதத்தில் எத்தனை ப்ளட் கல்ச்சர் எடுத்தோம், எத்தனை நாள் பாட்டிலோ டிஸ்க்கோ ஸ்டாக்கில் இல்லை என்று இரண்டு எண்கள் சேர்த்து எழுதட்டும். அரசு ஆஸ்பத்திரியும் எழுதட்டும், தனியாரும் எழுதட்டும். ஆயிரம் கல்ச்சர் எடுத்து எட்டு தொற்று கண்டுபிடித்த ஐ.சி.யு.வில் நான் தைரியமாகப் படுத்துக்கொள்வேன். இருபது எடுத்துப் பூஜ்யம் காட்டுகிற இடத்திலிருந்து சலைன் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவேன். ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்றிதழ் கொடுப்பவர்கள் தொற்று விகிதத்தைக் கேட்கிறார்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரையும் அதே மேஜையில் திறந்து வைக்கச் சொன்னால் போதும், என் மாதிரி சார்ட் வரைகிறவனுக்கு வாயைத் திறக்க ஒரு சாக்குக் கிடைக்கும்.

போன மாதம் அக்காவை ரிவ்யூவுக்கு அழைத்துப் போனபோது ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "அம்மா, இந்த போர்டுல மூணு மாசத்துல எத்தனை கல்ச்சர் எடுத்தீங்கன்னு தெரியுமா?" அந்தப் பெண் உள்ளே போன் செய்தது. குவாலிட்டி டிபார்ட்மென்டிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார், மரியாதையாக உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். "சார், அது இன்டர்னல் டேட்டா" என்றார்.

"அப்ப இந்த ஜீரோ மட்டும் ஏன் வெளியில மாட்டியிருக்கீங்க?" என்றேன்.

பார்த்துச் சொல்கிறேன் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். இன்னும் கூப்பிடவில்லை. அக்காவுக்கு அடுத்த ரிவ்யூ 14-ஆம் தேதி. ஆடிட் நண்பரையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார்.